எல்லைக்கல்லைத் தண்ணீரைக் கேட்டு நடுங்கள்

புதுச்சேரியின் மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்களுக்கும், முதலமைச்சர் அவர்களுக்கும், வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

முருங்கப்பாக்கத்துக்கும் தேங்காய்த்திட்டுக்கும் இடையில், அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சின்னக் கழி இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அதற்குப் பெயர் இல்லை. அகலம் மிஞ்சிப்போனால் நான்கு முழம். ஏற்றத்தின்போது கடல்தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகும். அங்கே நிற்கும் ஐம்பது அறுபது அலையாத்தி மரங்களின் காலை நனைத்துவிட்டு, வற்றத்தின்போது திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு முறை இது நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ அந்தக் கழியின் வாயில் கட்டிட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மரங்களை அவர்கள் தொடவில்லை. ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. இரண்டு கோடை கழிவதற்குள் அத்தனை மரமும் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின.

நான் போய்ப் பார்த்தேன். இலை எல்லாம் கொட்டி, பட்டை சாம்பல் நிறத்தில் உரிந்து தொங்கியது. சேற்றிலிருந்து விரல் விரலாக எழும்பி நிற்கும் மூச்சுவேர்கள் காய்ந்த குச்சிகளாகிவிட்டிருந்தன. கால் பட்டதும் படக்கென்று ஒடிந்தன. மரத்தடியில் மண் வெடித்து, வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடுப்பங்கரை உப்பை விடக் கரித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயிலில் காய்ந்து காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அந்த வெள்ளம் ஊரையெல்லாம் அழ வைத்தது. ஆனால் இந்த ஓர் இடத்தில் இடிபாட்டு மேட்டை அறுத்துக்கொண்டு ஒரு வழி திறந்துவிட்டுப் போனது. ஓர் ஆள் குறுக்கே படுக்கும் அகலம்கூட இல்லாத வழி. ஏற்றம் மறுபடியும் உள்ளே போய் வரத் தொடங்கியது. அலையாத்தி விதை முற்றி உதிர்ந்து மிதக்கும் பருவமும் அதுதான். பிப்ரவரியில் நான் போனபோது செத்த மரங்களுக்கு நடுவில் கன்றுகள் நின்றன. உட்கார்ந்து எண்ணினேன்: 63. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், நான்கு இலை. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, பெயர்ப்பலகை வைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அதே வாயில் மறுபடியும் நான்கு லாரி இடிபாடு. கன்றுகளில் பாதி வெளுத்துவிட்டன. ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “மரத்தை வெட்டியிருந்தால் நடவடிக்கை எடுக்கலாம் அம்மா. யாரும் வெட்டவில்லையே” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் இரவெல்லாம் விழித்திருந்தேன். அதற்குப் பதில்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். தேங்காய்த்திட்டு, முருங்கப்பாக்கம், அரிக்கமேடு, வீராம்பட்டினம் வரை அரியாங்குப்பம் முகத்துவாரத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் அலையாத்திக் காட்டை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஏ பிரிவின் கீழ்ப் பாதுகாப்பகமாக (conservation reserve) அறிவியுங்கள். அறிவிக்கும்போது மரம் எதுவரை நிற்கிறது என்று பார்த்து எல்லைக்கல் நடாதீர்கள். தண்ணீர் எதுவரை போய் வருகிறது என்று பார்த்து நடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வாழ்க்கையிலிருந்தும் பக்கத்து மாவட்டத்திலிருந்தும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வீராம்பட்டினத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனார், அம்மா கழிக்குப் போனாள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்து அப்பாவின் கட்டுமரம் கரையில் கிடக்கும் நாட்களில் எங்கள் வீட்டு உலை அம்மாவின் கையால்தான் கொதித்தது. வற்றம் பார்த்து இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, மூச்சுவேர்களுக்கு இடையில் தடவிக்கொண்டே போவாள். முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை எங்கோ வைத்திருப்பாள். பார்வை முழுக்க விரலில். சட்டென்று கை மேலே வரும். விரலிடுக்கில் இறால் துடிக்கும். மட்டி எடுக்கப் போனால் கால் கட்டைவிரலால் சேற்றைக் கிண்டியே கண்டுபிடித்துவிடுவாள். கிளிஞ்சல் ஓடு கிழித்த தழும்புகள் அவள் பாதத்தில் கடைசிவரை இருந்தன. “கடல் கை விட்டாலும் கழி கை விடாது” என்பாள். எங்கள் ஐந்து பேரையும் அந்தக் கழிதான் வளர்த்தது. நான் படித்து ஆசிரியை ஆனதும் அந்த இறாலிலும் நண்டிலும்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் நடத்தினேன். ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவேன். அலையாத்தி இலை ஒன்றைப் பறித்துத் திருப்பி நக்கிப் பார்க்கச் சொல்வேன். முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் கண் விரியும். மரம் வேர் வழியாகக் கொஞ்சம் உப்பைத் தடுத்துவிட்டு, மீறி உள்ளே வந்த உப்பை இலை வழியாக வியர்வை போல வெளியே தள்ளுகிறது. காற்றே புகாத அந்தச் சேற்றில் மூச்சுவிடத்தான் வேரை மேல்நோக்கி அனுப்புகிறது. சுரபுன்னை இன்னும் அதிசயம். விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கிப் பிறகு விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே மரம். தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறு கரையில் மரம். கன்று ஈனும் மரம் என்று பிள்ளைகளிடம் சொல்லுவேன்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இவ்வளவு உப்பைத் தாங்குகிற மரம் எதனால்தான் சாகும்?” அப்போது புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். சரியான பதில் அந்தச் சின்னக் கழியில் கிடைத்தது. உப்பைத் தாங்கும், ஓட்டம் நின்றுபோவதைத் தாங்காது. உப்பங்கழியில் வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால்தான் உப்பும் கழிவும் வெளியேறும், மூச்சுவேர் காற்றில் நிற்கும், அடுத்த ஏற்றத்தில் விதை உள்ளே வரும். நம் பகுதிக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சினால் இரண்டு முழம்தான். அதனால் இங்கே ஒரு காட்டைக் கொல்லப் பெரிய அணை எதுவும் தேவையில்லை. முழங்கால் உயர மண்மேடு போதும், லாரி போவதற்காகப் போட்ட ஒரு தடம் போதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நமக்குத் தெற்கே கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரம் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டது. பிச்சாவரத்தை எல்லோருக்கும் படகுச் சவாரியாகத்தான் தெரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அங்கே வளரும் தில்லை மரத்தால்தான். அது அந்தக் கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண் போகும் என்று இன்றும் விறகுக்குத் தொடப் பயப்படுகிறார்கள். அப்படிப் புனிதமும் பயமும் சேர்ந்து நின்ற காட்டை, ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முழுதாக வெட்டினார்கள். கூப்பு என்பார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்று கணக்கு. வளரவில்லை. மரநிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு இறுகித் தாழ்ந்தது. நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக முடியாமல் தேங்கியது. காய்ந்தது, கரித்தது. விழுந்த விதை எதுவும் பிழைக்கவில்லை.

அந்த நிலத்தைப் பார்த்தவர்கள் நெடுநாள் வரை ஆடு மாடு மேய்ப்பவர்களையும் விறகு பொறுக்குபவர்களையும்தான் குறை சொன்னார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வேறு வழியை எடுத்தார்கள். முதலில் நட்டுவிட்டு வேலி போடவில்லை. இயற்கைக் கழியிலிருந்து ஒரு தாய்க்கால்வாய் வெட்டினார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக்கால்வாய்கள், மீன் முள் மாதிரி. தண்ணீர் போய் வர ஆரம்பித்தது. உப்பு இறங்கியது. அதற்குப் பிறகே கன்று நட்டார்கள், அது பிடித்தது. அதே பிச்சாவரம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அந்தப் பெருமையைக் கொண்டாடுகிறவர்கள் மண்வெட்டி பிடித்து அந்தக் கால்வாய்களை வெட்டிய கைகளையும் நினைக்க வேண்டும்.

காப்புக்காடு என்ற பெயர் இருந்தும் பிச்சாவரத்தில் பல நூறு ஏக்கர் பாழானது. அந்தப் பெயர் மரத்தை மட்டும் பார்த்தது, தண்ணீரைப் பார்க்கவில்லை. நாளை நம் முகத்துவாரத்துக்கும் ஒரு பெயர் சூட்டி, மரம் நிற்கும் திட்டுகளை மட்டும் கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே கழியின் வாயில் யார் வேண்டுமானாலும் மண் கொட்டலாம் என்று விட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பகத்துக்குள் பட்ட மரம்தான் இருக்கும்.

“ஏற்கெனவே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறதே, இன்னொரு சட்டம் எதற்கு” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை அலையாத்திக் காடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டரையும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. ஆனால் அந்த அறிவிக்கை எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறதே தவிர, தினமும் அங்கே போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்று சொல்வதில்லை. தூர்ந்த கழியைத் தூர்வாரும் கடமை யாருக்கு, அதற்குப் பணம் எங்கிருந்து, ஒரு திட்டு காய்ந்தால் யாரிடம் போய் நிற்பது? நான் படியேறிய அலுவலகங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. நிலம் ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, மீன் ஒரு துறை, மரம் ஒரு துறை. கழிக்கு மட்டும் யாரும் இல்லை.

சரணாலயமாக அறிவியுங்கள் என்று ஏன் கேட்கவில்லை என்று சில நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். ஊசுடு ஏரியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அரசு இது. வடக்கே மரக்காணத்துக் கழுவேலியை 2021இல் தமிழ்நாடு அரசு சரணாலயமாக்கியது. இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதற்கே சட்டத்தின் 27ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. எங்கள் கழியில் விடியற்காலையில் வீச்சுவலையோடு இறங்கும் அண்ணன்மார்களும், நண்டுக்கும் மட்டிக்கும் போகும் அக்காமார்களும் அனுமதிச் சீட்டுக்காகக் கை கட்டி நிற்கும் நிலை வரக்கூடாது. பிச்சாவரத்து இருளர் மக்கள் ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொண்டு, என் அம்மாவைப் போலவே கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களும் அந்தக் காட்டின் ஓர் உயிர்தான். காட்டைக் காப்பதாகச் சொல்லி அவர்களை வெளியே நிறுத்தினால் காட்டுக்குக் காவல் யார்?

பாதுகாப்பகம் வேறு வகை. 2002இல் கொண்டுவந்த திருத்தத்தால் சட்டத்தில் சேர்ந்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அறிவிக்க முடியும். உள்ளே நுழையத் தடை என்ற விதி அதற்குப் பொருந்தாது. குப்பை போடக்கூடாது, தீ வைக்கக்கூடாது, உயிர்களுக்குக் கேடான ரசாயனமோ வெடியோ பயன்படுத்தக்கூடாது, எல்லைக்குறியை அழிக்கவோ பெயர்க்கவோ கூடாது என்ற விதிகள் பொருந்தும். எங்கள் கழிக்கு வேண்டியது இதுதான். வலையை விடு, லாரியை நிறுத்து. திருநெல்வேலிச் சீமையில் திருப்புடைமருதூர் என்ற ஊரில் தாமிரபரணிக் கரையில் பறவைகள் கூடு கட்டும் மரங்களுக்காக 2005இல் இதே பிரிவில் பாதுகாப்பகம் வந்தது. பாக் விரிகுடாவில் 2022இல் கடற்பசுவுக்காக வந்தது. ஒரு கிராமத்துக்கும் ஒரு கடலுக்கும் பொருந்திய சட்டம் ஒரு கழிமுகத்துக்கும் பொருந்தும்.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவள் ஆவேன். 36-பி பிரிவு ஒரு நிர்வாகக் குழு அமைக்கச் சொல்கிறது. வனத்துறையின் பிரதிநிதி, எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலிருந்தும் ஒருவர், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்ட தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் மீன்வளத் துறை அதில் இல்லை. மலையையும் மேய்ச்சலையும் மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. இங்கே கழியில் நெல்லும் இல்லை, மாடும் இல்லை. மீன்தான் இருக்கிறது. ஆகவே மீன்வளத் துறையைச் சிறப்பு அழைப்பாளராகவாவது குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார வையுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரிய குறை. கிராமப் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் என்று சட்டம் சொல்கிறது. நம் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதிலிருந்து நாற்காலிகள் காலி. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இடத்தில் அதிகாரி ஒருவரை ஊரின் பிரதிநிதியாக எழுதிவிட்டால், குழுவில் ஊர் இருப்பதாகக் காகிதம் மட்டும்தான் சொல்லும். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த வலை எப்போது போடலாம், யார் தப்புச் செய்தால் என்ன அபராதம் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவர்கள். தேர்தல் நடக்கும்வரை அவர்களை அந்த இருக்கையில் அமர்த்துங்கள். அவர்களோடு, கழியில் இறங்கித் தொழில் செய்யும் பெண்களில் இருவரையும் சேருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கழி எந்த மாதம் தூர்ந்தது என்பது அவர்கள் பாதங்களுக்குத்தான் தெரியும்.

இனி எல்லை. சங்கரபரணி செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, நம் எல்லைக்குள் வந்து, ஒரு கை அரியாங்குப்பம் ஆறாகவும் மறு கை சுண்ணாம்பாறாகவும் கடலில் சேருகிறது. அலையாத்திக்குக் கடல்தண்ணீர் மட்டும் போதாது. மழைக்காலத்தில் மேலிருந்து நன்னீரும் வண்டலும் வர வேண்டும். அதற்காக முழு ஆற்றையும் எல்லைக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை; அது நடக்காது. மூன்றை மட்டும் கேட்கிறேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மறுநாள் வரும் பெரிய ஏற்றத்தின்போது, நில அளவையர்களை அனுப்பித் தண்ணீர் ஏறும் கடைசிக் கோட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே எல்லைக்கல். உள்ளே போகும் ஒவ்வொரு சின்னக் கழியையும், அகலம் ஒரு முழமாக இருந்தாலும், வரைபடத்தில் ஏற்றிப் பெயர் கொடுங்கள். பெயர் இல்லாததால்தானே அது மண்மேடானது. மூன்றாவது, நகரத்துச் சாக்கடைகள் ஆற்றில் சேரும் இடங்களைக் குழு நேரில் பார்க்க வேண்டும். அதைப் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது.

முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லாமல் எல்லை முடியாது. 1980களில் ஆற்றின் வாயில் துறைமுகத்துக்காகக் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து கல்லாகிப் போனது. வாயிலும் மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருக்கிறது. தூர்ந்த முகத்துவாரத்தில் அலை மறிந்து படகு கவிழ்ந்து போன உயிர்களைப் பற்றி மீனவர்கள் எத்தனை முறை சாலையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்! முகத்துவாரம் அடைத்தால் படகுக்கு ஆபத்து, மரத்துக்கும் ஆபத்து. திறந்திருந்தால் இரண்டுக்கும் வாழ்வு. பாதுகாப்பகம் வந்தால் துறைமுகம் முடங்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்: துறைமுகத்துக்கு வேண்டியதும் காட்டுக்கு வேண்டியதும் இங்கே ஒரே திறந்த வாய்தான். தூர்வாரி எடுக்கும் மணலை எங்கே கொட்டுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அது கழியின் மேல் விழக்கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் தினம். அன்று கன்று நடுகிறோம். நானும் பிள்ளைகளோடு நட்டிருக்கிறேன். பல கன்றுகள் பிழைக்கவில்லை. எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்திலும் தண்ணீரே வராத இடத்திலும் நட்டோம். அந்தச் சின்னக் கழியில் தானாக முளைத்த 63ஐப் பார்த்த பிறகு என் மனம் மாறிவிட்டது. நடும் பணத்தில் பாதியை, ஏற்றம் போய் வரும் வழிகளைத் திறந்துவைக்கச் செலவிடுங்கள். விதையைக் கடல் கொண்டுவரும்.

இந்தக் காடு நமக்கு என்ன தருகிறது என்று பட்டியல் போட எனக்கு விருப்பம் இல்லை. காற்றின் கரிமத்தைச் சேற்றுக்குள் புதைத்துவைக்கிறது என்று அறிவியல் சொல்கிறது, உண்மைதான். கொடுவாக் குஞ்சும் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன. வலையில் வரும் மீன் இங்கே பால்குடித்த பிள்ளை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. மரம் காத்ததா, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும் காத்தனவா என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். மூன்றுமே சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியபோது என் அண்ணன் படகைத் துறைமுகத்தில் விடாமல் கழிக்குள் கொண்டுபோய் அலையாத்தி மரங்களோடு சேர்த்துக் கட்டினான். காலையில் போய்ப் பார்த்தோம். கயிறு மரத்தில் பட்டையை உரித்து உள்ளே இறங்கியிருந்தது. மரமும் நின்றது, படகும் நின்றது. அந்தத் தழும்பை இப்போதும் காட்ட முடியும்.

நம் முன்னோர்கள் இதைப் புரிந்துதான் வைத்திருந்தார்கள். நெய்தல் நிலத்து ஊரைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் அலையாத்தி இனத்துக் கண்டல் மரத்தையே அந்த ஊருக்கு வேலி என்று பாடினார்கள். அந்தக் காலத்துக்குச் சற்றும் இளையதல்ல நம் அரிக்கமேடு. ரோமானியர்களின் மதுச்சாடிகளும் இங்கே செய்த கண்ணாடி மணிகளும் அந்த மண்ணில் கிடைத்தன. 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். கப்பல் வந்து நின்ற அந்த ஆற்றங்கரையை இன்று ஆறு அரித்துக்கொண்டு போகாமல் பிடித்திருப்பது கரையோரத்து அலையாத்தி வேர்கள். தொல்லியல் துறை மேட்டைக் காக்கிறது. மேட்டின் காலைக் காப்பது யார்?

இந்த இடத்தில் எங்கள் சுற்றுவட்டார மீனவ ஊர்களின் பஞ்சாயத்தார்களிடமும் ஒரு வார்த்தை. அரசு என்றாலே நம்மைக் கரையிலிருந்து தள்ளிவிடத்தான் வரும் என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். சுனாமிக்குப் பிறகு பட்டதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்காக இதிலிருந்து ஒதுங்கி நிற்காதீர்கள் அண்ணன்மாரே. கலந்து பேசாமல் அறிவிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்கு வாருங்கள், பெண்களையும் அழைத்து வாருங்கள். உங்கள் நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள். நம் பக்கத்திலும் தவறு இருக்கிறது. கழியில் மருந்து கலந்து மீன் பிடித்தவர்களை நாமும் பார்த்தும் பாராமல் விட்டிருக்கிறோம். கிழிந்த வலையை வேரிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதில் நீர்க்காகம் மாட்டிச் செத்ததை நானே வெட்டி எடுத்திருக்கிறேன். ஊர்க் கட்டுப்பாடு போட உங்களால் முடியும். நீங்கள் போட்டால் மீறுகிறவன் இல்லை.

மாண்புமிகு ஆளுநர் அவர்களே, எங்கள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேருக்கு ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். அம்மன் இந்த ஊருக்கு வந்த கதையை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு மீனவரின் வலையில் மரக்கட்டையாக மாட்டியவள் அவள். செங்கழுநீர் ஓடையில், கழித்தண்ணீரில் வந்தவள். அந்தத் தண்ணீருக்காகத்தான் கேட்கிறேன்.

அடுத்த தேருக்கு நீங்கள் வரும்போது வடம் பிடித்து முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலமைச்சர் அவர்களும் அமைச்சர்களும் அன்று வருவார்கள்; அவர்களையும் அழைக்கிறேன். என் அண்ணன் மகனிடம் ஃபைபர் படகு இருக்கிறது. அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று நான் பார்த்துச் சொல்கிறேன். வற்றத்தில் போனால்தான் மூச்சுவேரும் நண்டு வளையும் கண்ணுக்குத் தெரியும். அண்ணன் படகு கட்டிய மரத்தைக் காட்டுகிறேன், பிறகு அந்தப் பெயரில்லாக் கழியின் வாய்க்குப் போவோம். கணுக்கால் வரை சேறு இருக்கும். செருப்பைப் படகிலேயே விட்டுவிடலாம். மீதி இருக்கும் கன்றுகளை அங்கே உட்கார்ந்து எண்ணிவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
வீராம்பட்டினத்தில் பிறந்து அரியாங்குப்பத்தில் வாழும்
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை